செலவு வைக்காத பிள்ளை

கேள்வி: எனக்கு வயது 41. காவேரிப்பட்டணத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். என் மனைவி சீசனுக்கு மாம்பழக்கூழ் கம்பெனி வேலைக்குப் போவார். மூன்று வருடத்துக்கு முன் ஆனி மாதத்தில் மஞ்சள் காமாலை முற்றி இறந்துவிட்டார். அப்போது பையனுக்குப் பத்து வயது. இப்போது பதின்மூன்று, எட்டாம் வகுப்பு. அன்றிலிருந்து அவனுக்குத் தாயும் நான்தான், தகப்பனும் நான்தான். தாயுமானவர் மாதிரி இருக்க வேண்டும் என்று, காலை ஷிப்ட் என்றால் மூன்றரைக்கே எழுந்து சமைத்து, டப்பா கட்டி, யூனிபார்ம் தேய்த்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். களி கிண்டக்கூடக் கற்றுக்கொண்டேன். அக்கா ஊத்தங்கரையில் ஒரு வரன் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டேன். ‘உனக்காகத்தான்டா வேண்டாம்னு சொன்னேன்’ என்று பையனிடமும் சொன்னேன்.

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து அவன் ஆளே மாறிவிட்டான். டப்பா வேண்டாம், பள்ளியிலேயே சத்துணவு சாப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறான். பெற்றோர் கூட்டத்தைச் சொல்லாமல் மறைத்துவிட்டான். அன்று நைட் முடித்து வீட்டில்தான் படுத்திருந்தேன், எழுப்பியிருந்தால் போயிருப்பேன். அதே வாரம் ரேங்க் கார்டில் என் கையெழுத்தை அவனே போட்டுக் கொடுத்திருக்கிறான். கணக்கில் 31 மார்க். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க என் கையெழுத்தைப் போட்டுப் பழகியிருக்கிறான். போன மாதம் சட்டைப் பையிலிருந்த 500 ரூபாயைக் காணவில்லை. எடுத்தது அவன்தான், ஆனால் எதற்கு என்று சொல்லவில்லை. ஆத்திரத்தில் பெல்ட்டால் அடித்துவிட்டேன். அவன் அழவே இல்லை.

மாமியார் வீடு பாலக்கோடு பக்கம். ‘நேரத்துக்குக் காட்டியிருந்தா எம் பொண்ணு இருந்திருப்பா’ என்று காரியத்தன்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். அதோடு போக்குவரத்து இல்லை. பையனைக் கேட்டுக் கேஸ் போடுவார்களோ என்ற பயமும் உண்டு. அக்கா, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடு என்கிறார். பையனிடம் கேட்டேன். ‘சரிப்பா, போறேன்’ என்று உடனே சொல்லிவிட்டான். இவ்வளவு செய்தும் என்னை விட்டுப் போக அவனுக்கு வருத்தமே இல்லையா? ஹாஸ்டலில் சேர்க்கலாமா?

— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் இப்போது சேர்க்க வேண்டாம். ஹாஸ்டல் கெட்டது என்று சொல்ல வரவில்லை. நம் பக்கத்திலிருந்து நாமக்கல், ராசிபுரம் போய்ப் படித்து நல்லபடியாக வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்கள் மகன் இன்று இருக்கும் மனநிலையில் அங்கே போகக் கூடாது. அவன் ‘சரிப்பா, போறேன்’ என்று உடனே சொன்னானே, உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த இடம்தான்.

பதின்மூன்று வயதுப் பையனிடம் ஹாஸ்டல் என்று சொன்னால் ஏதாவது கேட்பான். ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா, போன் வெச்சுக்க விடுவாங்களா, கிரவுண்டு இருக்கா என்றாவது கேட்பான். இல்லாவிட்டால் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்வான். எதுவுமே கேட்காமல் சரி சொல்கிற பிள்ளை, தனக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதையே விட்டுவிட்டான் என்று அர்த்தம். அப்பாவுக்கு எது சுலபம் என்பது மட்டும்தான் அவன் மண்டைக்குள் ஓடுகிறது.

உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை, ஒரு தாளை வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கம் அவன் செய்ததாக நீங்கள் சொல்லும் தப்புகளை எழுதினேன். அதற்கு எதிரே, அந்த நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதினேன். பெற்றோர் கூட்டத்தன்று நைட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ரேங்க் கார்டில் கையெழுத்து வேண்டிய காலையிலும் தூக்கம்தான், அதே நைட் ஷிப்ட் வாரம். டப்பா வேண்டாம் என்று அவன் சொன்னதற்கு எதிரே, ஊர் எழும் முன் மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பு பற்றவைக்கும் நீங்கள். இப்படி எழுதிப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவன் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை. உங்களுக்குச் செலவு வைக்காமல் இருக்கப் பார்க்கிறான். பணச் செலவு மட்டும் இல்லை. உங்கள் தூக்கம், லீவு, சம்பளப் பிடித்தம், நீங்கள் படும் பாடு எல்லாமே அவன் கணக்கில் செலவுதான்.

அந்த ரஃப் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். 31 மார்க் வாங்கிய பயமும் அதில் இருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். போலிக் கையெழுத்து தப்புதான், அதை அவனிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து அறையில் அப்பா தூங்கும்போது, சத்தம் வராமல் உட்கார்ந்து, அப்பாவின் பெயரை ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்திருக்கிறான் ஒரு பையன். உங்களை உலுக்கி எழுப்பியிருந்தால் ஒரு நிமிட வேலை. எழுப்பக் கூடாது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் அவன் எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறான்.

எங்கிருந்து என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘உனக்காகத்தான்டா.’ தயவுசெய்து இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாசத்தில் சொன்ன வார்த்தைதான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பா அம்மா எல்லோர் வாயிலும் வரும். ஒரு நாள் சொன்னால் அது பாசம். மூன்று வருடம் கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அது கடன் நோட்டு மாதிரி ஆகிவிடும். அப்பா தூங்காதது என்னால், அப்பா கல்யாணம் வேண்டாம் என்றது என்னால், அத்தை அப்பாவோடு சண்டை போட்டது என்னால். இந்தக் கடனை அவன் எப்படி அடைப்பான்? டப்பாவை வேண்டாம் என்கிறான். கூட்டத்தை மறைக்கிறான். கடைசியில், நானே இல்லாமல் போனால் மொத்தமாகத் தீர்ந்துவிடும் என்று ஹாஸ்டலுக்கும் சரி என்கிறான். உங்களை விட்டுப் போக அவனுக்கு வருத்தமே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். அவன் போகிறேன் என்று சொன்னதே உங்கள் மேல் இருக்கும் அக்கறையால்தான்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. என் அறைக்கு வரும் அம்மாக்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அழுதுவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். அப்பாக்கள் வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ‘பையன் சரியாயிடுவானா, மேடம்?’ என்று நின்றபடியே கேட்பார்கள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்கச் சமையலும் ஷிப்ட்டும் மார்க்கும் இருக்கிறது. மனைவி இறந்ததற்கு ஒரே ஒரு வரி. வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பையன் அழுதுவிடுவானோ என்று நீங்கள் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பா உடைந்துவிடுவாரோ என்று அவனும் பேசுவதில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, ஒரே வீட்டில் தனித்தனியாகத் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜூனிலிருந்து மாறிவிட்டான் என்கிறீர்கள். பள்ளி திறந்ததைத்தான் நீங்கள் காரணமாக நினைக்கிறீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜூனில் வேறு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டரும் லாரியும் கூழ் கம்பெனி வாசலில் வரிசை கட்டி நிற்கும். காற்றில் பழ வாசனை வீசும். சீசன் வேலைக்குப் போய் வருபவர்கள் சேலையிலும் கையிலும் அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார்கள். உங்கள் மனைவியும் அப்படித்தான் வந்திருப்பார். அவர் இறந்ததும் ஆனியில்தான். வருடா வருடம் அந்த வாசனை ஊருக்குள் வரும்போது உங்கள் மகனுக்கு மனசு என்னவோ செய்யும். ஏன் என்று அவனுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். திவச நாள் நெருங்கும்போது பெரியவர்களுக்கே அப்படித்தானே?

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. பத்து வயதில் அம்மா இறந்தபோது அவனுக்குத் தெரிந்தது ‘அம்மா இனி வர மாட்டாள்’ என்பது. பதின்மூன்று வயதில், குரல் உடைந்து மீசை அரும்பும்போது, ‘என் வாழ்க்கை முழுக்க அம்மா இருக்க மாட்டாள்’ என்பது புரிய ஆரம்பிக்கும். பிள்ளைகள் வளர வளர, பழைய இழப்பைப் புதிதாக ஒரு தடவை அழுவார்கள். மூன்று வருடம் ஆகிவிட்டதே என்று நாம் நினைப்போம். அவன் கணக்கில் அது இப்போதுதான் மறுபடி தொடங்குகிறது. பெரும்பாலான பையன்களுக்கு இது அழுகையாக வராது. எரிச்சலாகவும், மறதியாகவும், மார்க் குறைவாகவும்தான் வெளியே வரும்.

இப்போது அந்த பெல்ட். நீங்கள் செய்தது தப்பு. களைப்பில் செய்தேன், பயத்தில் செய்தேன் என்று காரணம் இருக்கலாம், இருந்தாலும் தப்புதான். அவன் அழாததைப் பார்த்து உங்களுக்கே பயம் வந்தது நல்லது. அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘நீ அப்படிச் செஞ்சதாலதான் அடிச்சேன்’ என்று கேட்பது மன்னிப்பில் சேராது. ‘உன்னை பெல்ட்டால அடிச்சது தப்பு கண்ணு. இனிமே அடிக்க மாட்டேன்’ என்று இவ்வளவு மட்டும் சொல்லுங்கள். அதன் கூடவே 500 ரூபாய் பேச்சை எடுக்காதீர்கள். அதற்கு வேறொரு நாள் இருக்கிறது. மகனிடம் மன்னிப்புக் கேட்டால் அப்பாவின் மரியாதை போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரைக்கும் அதற்கு அப்புறம்தான் பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள்.

அந்தப் பணம் எதற்குப் போனது என்று என்னால் சொல்ல முடியாது, ஊகிக்கவும் மாட்டேன். கணக்கு கைடு வாங்கியிருக்கலாம். போன் கேமில் போயிருக்கலாம். பெரிய பையன்கள் யாராவது மிரட்டிப் பிடுங்கியிருக்கலாம். நம் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் வந்துவிடுகிற, உதட்டுக்குள் அடக்கும் போதைப் பாக்கையும் மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கேட்கும் முறைதான் முக்கியம். எதிரே நிறுத்தி, முகத்தைப் பார்த்து விசாரிக்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார வைத்து கே.ஆர்.பி. அணைப் பக்கம் போங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் பையன்களுக்குப் பேச்சு வரும். ‘அந்த ஐந்நூறு எதுக்குன்னு இன்னைக்கே சொல்லணும்னு இல்ல. ஆனா காசு வேணும்னா எடுக்காத, கேளு. நான் கோவிச்சுக்க மாட்டேன். யாராவது உன்னை மிரட்டுனாங்கன்னா அதை மட்டும் மறைக்காத’ என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அடுத்த வாரத்திலிருந்து சின்னதாக ஒரு தொகை, 50 ரூபாயோ 100 ரூபாயோ, கணக்குக் கேட்காமல் கையில் கொடுங்கள். எதைக் கேட்டாலும் அப்பாவுக்குப் பாரம் என்று நினைக்கும் பிள்ளைக்கு, கேட்காமலே கிடைக்கிற காசு பெரிய தைரியம்.

சரி, ஷிப்ட். அவசரமாகச் சரிசெய்ய வேண்டியது இதுதான். நைட் வாரத்தில் ராத்திரி அவனோடு யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யாரும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. பதின்மூன்று வயதுப் பையன் வாரக்கணக்கில் ராத்திரி தனியாகப் படுக்கக் கூடாது. பயம், போன், தூக்கம் கெடுவது எல்லாம் ஒரு பக்கம். நடு ராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவான்? கம்பெனியில் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். மனைவியின் இறப்புச் சான்றிதழ் நகலையும் பையனின் படிப்புச் சான்றையும் வைத்து, ‘வீட்டில் வேறு பெரியவர் இல்லை, இரண்டு வருடத்துக்கு நைட் ஷிப்ட்டிலிருந்து விலக்கு வேண்டும்’ என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். யூனியன் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முன்பு அது பெண்களுக்கு மட்டும்தான். 2018 டிசம்பரில் விதியைத் திருத்தி, மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், மணமாகாதவர் என்று தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் கொடுத்தார்கள். தனியார் கம்பெனியை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பா என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அரசு விதியே ஏற்றுக்கொண்ட பிறகு, உங்கள் மேனேஜரிடம் அதைக் கேட்க நீங்கள் கூச வேண்டியதில்லை.

கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால்? இங்கேதான் பாலக்கோடு வருகிறது. உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்கள் மகன் மூன்று வருடத்துக்கு முன் அம்மாவை மட்டும் இழக்கவில்லை. அம்மாயியை இழந்தான். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்த தாய்மாமனை இழந்தான். லீவுக்குப் போய் விளையாடிய வீட்டையும் சேர்த்து இழந்தான். அம்மா சின்ன வயதில் எப்படி இருந்தாள், எந்த மரத்திலிருந்து விழுந்தாள், எதற்கு அழுவாள் என்று சொல்லக்கூடியவர்கள் உலகத்திலேயே அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்தது மனைவியை. அந்தச் சின்னப் பெண்ணை அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த அம்மா காரியத்தன்று சொன்னது கொடுமையான வார்த்தை. பெற்ற வயிறு எரியும்போது பக்கத்தில் யார் நின்றாலும் அவர்கள் மேல் அது விழும். அன்று நின்றது நீங்கள். அந்த வார்த்தை மூன்று வருடமாக உங்கள் நெஞ்சில் இருக்கிறது என்றால், அதில் பாதியை நீங்களே உங்களிடம் சொல்லிக்கொள்கிறீர்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. மஞ்சள் காமாலைக்கு நம் ஊரில் முதலில் என்ன செய்வோம்? கீழாநெல்லி கொடுப்போம், பத்தியம் இருப்போம், கண் தெளிகிறதா என்று பார்ப்போம். பெரும்பாலும் சரியாகிவிடும். சிலருக்குக் கல்லீரல் கெட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் கைமீறிப் போய்விடும். எது அப்படி ஆகும் என்று வீட்டில் இருப்பவர்களால் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாது. இதை உங்கள் மகனிடமும் ஒரு நாள் சொல்லுங்கள். அன்று அவனும் அங்கேதான் நின்றிருப்பான், பாட்டி சொன்னதைக் கேட்டிருப்பான். அப்பாதான் காரணமோ என்ற கேள்வி அவனுக்குள் இருக்கலாம். அவன் கேட்க மாட்டான், நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

கேஸ் பயத்தை விட்டுவிடுங்கள். 1956-ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, அப்பாவான நீங்கள்தான் மைனர் மகனுக்கு இயற்கைக் காப்பாளர். யார் கோர்ட்டுக்குப் போனாலும் பிள்ளையின் நலனைத்தான் முதலில் பார்ப்பார்கள். இந்த வயதுப் பையன் என்றால் அவன் விருப்பத்தையும் கேட்பார்கள். பாட்டி பேரனைப் பார்த்துவிட்டால் உங்கள் உரிமை எங்கேயும் போகாது.

மாமியாரிடம் நேராகப் பேச வேண்டாம், இரண்டு பேருக்கும் தொண்டை அடைக்கும். மச்சானுக்குப் போன் போடுங்கள். பழைய கதையைக் கிளற வேண்டாம். ‘பையனுக்கு உங்களை எல்லாம் பார்க்கணும். எனக்கும் கொஞ்சம் ஒத்தாசை வேணும்’ என்று சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள். நாள் கூடி வந்தால், நீங்கள் நைட் போகும் வாரம் மட்டும் மாமியார் வந்து இருக்க முடியுமா என்று கேட்கலாம். பையனை அங்கே அனுப்புவதைவிட அவர் இங்கே வருவது நல்லது. பள்ளி மாறாது, கூட்டாளிகள் மாற மாட்டார்கள், அவன் படுக்கும் இடமும் மாறாது. அதுவரைக்கும் நைட் வாரத்தில் ராத்திரி அவனோடு படுக்க, நீங்கள் நம்பும் ஒரு பெரியவரை, வீட்டுக்கார அம்மாவையோ பக்கத்து வீட்டையோ, கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

தாயுமானவர் மாதிரி இருக்கப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். திருச்சி மலைக்கோட்டைக் கதையை நினைத்துப் பாருங்கள். ரத்னாவதிக்குப் பேறுகால நேரம். காவிரியில் வெள்ளம், அம்மாவால் கரை தாண்டி வர முடியவில்லை. சிவபெருமான் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து சேர்ந்ததும் மறைந்துவிட்டார். சாமியே வெள்ளம் வடிகிறவரைக்கும்தான் அம்மாவாக இருந்தார். நீங்கள் மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் இருக்கிறீர்கள். உங்கள் மகனுக்கு இரண்டாவது அம்மா தேவையில்லை. அம்மாவைப் பற்றிப் பேசுகிற, களைத்தால் களைத்தேன் என்று சொல்கிற, பள்ளிக் கூட்டத்துக்குக் கண் எரிச்சலோடு வந்து பின் பெஞ்சில் உட்காருகிற அப்பா போதும்.

டப்பா விஷயத்தில் அவன் சொல்வதைக் கேளுங்கள். சத்துணவில் தினம் முட்டை இருக்கிறது, கூட்டாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அதில் குறையொன்றும் இல்லை. ‘உன் சமையல் பிடிக்கல’ என்று அவன் சொல்லவில்லை, நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். அந்த ஒரு மணி நேரம் தூங்குங்கள். அதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு வேளை, ஞாயிறு ராத்திரி, இரண்டு பேரும் சேர்ந்து களி கிண்டுங்கள். நீங்கள் இத்தனை நாள் தனியாக எப்படிக் கிண்டினீர்கள் என்று தெரியவில்லை. நொய் வெந்து, ராகி மாவைக் கொட்டி, மூடி வைத்துத் திறந்தபிறகு துடுப்பைப் போட்டு அழுத்தும்போது, ஒரு ஆள் துணியைச் சுற்றிப் பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து சுற்றும். அவன் பிடிக்கட்டும், நீங்கள் கிண்டுங்கள். கை வலித்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ‘அம்மா கிண்டும்போது நீதான் பிடிப்பியா?’ என்று அப்போது கேட்டுப் பாருங்கள். பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இது அவன் உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் வேலை இல்லை, உங்களுக்கு நிஜமாகவே அவன் கை தேவைப்படும் வேலை. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுமணம் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 41 வயதில் கல்யாணம் செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அவன் பெயரைச் சொல்லி வேண்டாம் என்காதீர்கள், அவன் பெயரைச் சொல்லி வேண்டும் என்றும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சமைத்துப் போட ஆள் வேண்டும், பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு பெண்ணைக் கூட்டிவந்தால் அது அந்தப் பெண்ணுக்கும் அநியாயம். ‘உனக்காகத்தான்’ என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்: ‘அப்பாவுக்கு இப்ப விருப்பம் இல்ல, அதனால வேண்டாம்னு சொன்னேன். உனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.’ பின்னால் எப்போதாவது மனம் மாறினால் அக்காவுக்குச் சொல்லும் முன் அவனிடம் சொல்லுங்கள். அவன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஊரார் வாயிலிருந்து அவன் கேட்கக் கூடாது.

சில விஷயங்களைக் கவனித்துக்கொண்டிருங்கள். பல நாள் தூங்காமல் இருப்பது, இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு குறைவது, பள்ளிக்குப் போகவே மறுப்பது, ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லாருக்கும்’, ‘அம்மாகிட்டயே போயிடறேன்’ என்ற மாதிரிப் பேச்சு, கையில் கீறல். இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி எந்நேரமும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. பையனே பேச நினைத்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் பிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். அவனுக்காக மட்டும் சொல்லவில்லை. தூக்கமும் அழுகையும் இல்லாமல் மூன்று வருடம் ஓட்டிய நீங்களும் 14416-இல் பேசலாம்.

ரேங்க் கார்டை வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். நைட் வாரத்திலேயே போங்கள். அவன் போட்ட கையெழுத்தை அடிக்க வேண்டாம், அதன் பக்கத்தில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். வெளியே வந்ததும் அவனிடம், ‘அடுத்த தடவை என்னை எழுப்பு. நான் எந்திரிக்காட்டி தண்ணி தெளிச்சு எழுப்பு’ என்று சொல்லுங்கள். மச்சானுக்குப் போன் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.